பிள்ளை முன்னே, பாடம் பின்னே: மழலையர் வகுப்பைக் குழந்தையின் போக்கில் நடத்த ஒரு முழு வழிகாட்டி

ஜூன் மாதத்துக்கு எங்கள் வகுப்பில் போட்டிருந்த கருப்பொருள் 'என் உடல்'. கண், காது, மூக்கு என்று அட்டைகளெல்லாம் வெட்டித் தயாராக இருந்தன. ஆனால் ஜூன் 14-ம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் அன்று நள்ளிரவே கிளம்பிவிடும். மறுநாள் காலை தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் மூக்கைப் பற்றிப் பேச மனமில்லை. "எங்க போட்டு போயிடுச்சு மிஸ்." "எங்கப்பா ராத்திரியே போயிட்டாரு." "எங்கப்பா ஐஸ் எடுத்துட்டுப் போனாரு." மூக்கு அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு இது உதவும். சின்ன நர்சரி நடத்துகிறவர், அங்கன்வாடி டீச்சர், வீட்டில் ஒற்றைப் பிள்ளையோடு மல்லுக்கட்டும் அம்மா, யாராக இருந்தாலும் சரி.

சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

குழந்தையின் போக்கில் பாடத்திட்டம் என்றதும் பலர் மனதில் வருவது, டீச்சர் ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்க, பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடும் வகுப்பு. உண்மையில் இதில் டீச்சருக்கு வேலை இரண்டு மடங்கு. வேலையின் நேரம்தான் மாறுகிறது: திட்டத்தை ஜூனிலேயே ஒரு வருஷத்துக்கு எழுதி வைக்காமல், ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் போன பிறகு பென்சிலில் எழுதுகிறோம்.

இந்த யோசனை நம் ஊருக்குப் புதிதில்லை. ஸ்ரீ அரவிந்தர் 1910-ல் கர்மயோகின் இதழில் எழுதிய கல்விக் கட்டுரைகளில் மூன்று கொள்கைகளை வைத்தார். எதையும் 'கற்பித்துவிட' முடியாது, ஆசிரியர் துணை நின்று வழிகாட்டுபவர்தான் என்பது முதலாவது. பிள்ளையின் மனம் வளர்வதில் அந்த மனத்தையே கலந்தாலோசிக்க வேண்டும் என்பது இரண்டாவது. அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது. அதே ஆண்டில்தான் அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1943 டிசம்பர் 2-ல் அன்னை அங்கே பள்ளியைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரருகே, போர் முடிந்த கையோடு, ஊர்மக்கள் கைவிடப்பட்ட ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். அந்த முயற்சியில் போய்ச் சேர்ந்த லோரிஸ் மலகுட்சி என்ற ஆசிரியர் பிறகு அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக் கூடாது. மாண்டிசோரியில் எதை எடுப்பது என்பது பிள்ளையின் விருப்பம், ஆனால் அலமாரியில் என்ன இருக்கும், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது முன்பே முடிவானது. ரெஜ்ஜோ வழியில் எதைப் படிப்பது என்பதே பிள்ளைகளின் பேச்சிலிருந்து முளைக்கிறது. அமெரிக்காவில் பிறந்த ஹைஸ்கோப் முறையில், என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளை முதலில் சொல்லும், செய்யும், பிறகு என்ன செய்தேன் என்று திரும்பிச் சொல்லும். என் யோசனை: மாண்டிசோரியிடம் அலமாரி ஒழுங்கை வாங்கிக்கொள்ளுங்கள், ஹைஸ்கோப்பிடம் அந்த மூன்று படிகளை, ரெஜ்ஜோவிடம் பிள்ளை பேச்சைக் கேட்கும் காதை. மாண்டிசோரி வகுப்புகளில் வைக்கும் இளஞ்சிவப்புக் கட்டைக் கோபுரம் வாங்கப் பல ஆயிரம் செலவழிக்கத் தேவையில்லை.

முதல் படி: இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

இப்போது நடத்துகிற மாதிரியே நடத்துங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுத வேண்டும். தீர்ப்பு எழுதக் கூடாது. சொல்ல எளிது, செய்வதுதான் கஷ்டம். என் பழைய நோட்டில் ஒரு வரி: "படு குறும்பு, ஒரு இடத்தில் உட்காருவதில்லை." இதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் என்ன செய்ய முடியும்? திட்டத்தான் முடியும். அதே பையனைப் பற்றிப் பிறகு எழுதியது: "தண்ணீர் வாளிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆறு தடவை போனான். ஒவ்வொரு தடவையும் கையை நனைத்து ஜன்னல் கம்பியில் தடவினான். 'காஞ்சிருச்சு' என்றான். மறுபடி போனான்." பார்த்தீர்களா, அவன் ஆறு தடவை சோதனை செய்திருக்கிறான். நான்தான் ஓடுகிறான் என்று நினைத்திருக்கிறேன்.

பிள்ளை சொன்ன சொல்லை அதன் வாய்மொழியிலேயே எழுதுங்கள். 'காஞ்சிருச்சு' என்பதை 'உலர்ந்துவிட்டது' என்று திருத்தி எழுதினால் பாதி போய்விடும். மீனவர் வீட்டுப் பிள்ளை "இன்னிக்கு வாடை, அப்பா போகல" என்று சொன்னால், காற்றின் திசைக்கும் வீட்டு வருமானத்துக்கும் உள்ள உறவு அந்த நாலு வயது மனதில் ஏற்கெனவே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'காற்று' என்ற பாடம் வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது.

இரண்டாம் படி: அறை

அலமாரி பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு தட்டில் நான்கைந்து பொருள் போதும். நிறைய வைத்தால் கொட்டிக் கவிழ்ப்பார்கள், குறைவாக வைத்தால் எடுத்துப் பார்ப்பார்கள். பொம்மையைவிட, ஒரே பொருள் பத்து வேஷம் போடுகிற மாதிரி இருப்பது நல்லது: தேங்காய்ச் சிரட்டை, கிளிஞ்சல், பனங்கொட்டை, பனையோலைத் துண்டு, கயிறு, பழைய வலைத் துண்டு, வில்லியனூர்ப் பக்கம் போனால் சின்ன மண்சட்டிகள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை இருக்கிறது. அங்கே பழைய தாழ்ப்பாள், நட்டு, சங்கிலி எல்லாம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது புதையல்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை உண்டு. பண்ருட்டிப் பக்கத்து உறவினர் யாராவது அன்போடு ஒரு பை முந்திரிக் கொட்டை கொடுப்பார்கள், எண்ணிப் பழகட்டும் என்று. ஓட்டோடு இருக்கும் பச்சை முந்திரிக் கொட்டையை வகுப்புக்குள் விடாதீர்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். குன்றிமணி பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு விஷம். கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. பாட்டி காலத்தில் பல்லாங்குழிக்குப் போட்டோம் என்பார்கள், இருக்கட்டும், வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே யாராவது வந்தால் புளியங்கொட்டை, சோழி போன்ற சிறுபொருள்களை மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கிளிஞ்சலை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவி, முனை உடைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாம் படி: ஆர்வத்தின் அடியில் என்ன இருக்கிறது

இதுதான் முறையின் உயிர்நாடி. நான் நன்றாகச் சறுக்கியதும் இங்கேதான்.

அந்த ஜூன் மாதத்துக்கே வருகிறேன். பிள்ளைகள் எல்லாரும் போட்டு, போட்டு என்றார்கள். சரி, இவர்களுக்குப் படகில் ஆர்வம் என்று முடிவு கட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, தெர்மாகோலில் ஆளுயரத்துக்கு ஒரு படகு செய்தேன். நீலப் பெயின்ட், கொடி, நம்பர் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் அதைச் சுற்றி வந்தார்கள். ஒரு பெண் தொட்டுப் பார்த்தாள். ஒருவன், "இஞ்சின் எங்க?" என்றான். பத்து நிமிடத்தில் படகு தனியாக நின்றது. புதன்கிழமைக்குள் அதன் கொடியைப் பிடுங்கி யாரோ மூக்குத் துடைத்திருந்தார்கள்.

கோபம்தான் வந்தது. அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரக் குறிப்பில் 'போட்டு' என்ற சொல் முதல் இரண்டு நாளோடு சரி. அதன் பிறகு திரும்பத் திரும்ப வந்த சொற்கள் வேறு: "எவ்ளோ?" "எனக்கு வுடு." "கூறு எவ்ளோ?" "அவனுக்குக் குடுத்துட்ட, எனக்கு?" விளையாட்டு கிளிஞ்சல் கூடையைச் சுற்றி நடந்திருக்கிறது. படகு கரைக்கு வந்த பிறகு நடப்பதுதான், அதாவது மீன் ஏலம்தான், அவர்களைப் பிடித்திருந்தது. அம்மாவோடும் பாட்டியோடும் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் அவர்கள் கண்ணால் பார்ப்பதும் அதைத்தானே!

தெர்மாகோலைத் தூக்கிப் பரணில் போட்டேன். கிளிஞ்சல் கூடையைத் தரையின் நடுவில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். நாலரை வயதுப் பெண் ஒருத்தி கூடையைக் கவிழ்த்தாள், குந்தி உட்கார்ந்தாள், கையை வீசி, "நூறு… நூறு… நூத்தம்பது…" என்று ஆரம்பித்தாள். குரல் அப்படியே ஏலக்காரர் குரல். எதிரே ஒருவன், "எரநூறு!" இன்னொருவன் உற்சாகமாக, "நூறு!" அவள் ஏலத்தை நிறுத்திவிட்டாள். "கீழ வரக் கூடாது. மேலதான் போவணும்." அவன் யோசித்தான். பக்கத்தில் இருப்பவனிடம் ரகசியமாக, "எரநூறுக்கு மேல என்னா?" என்று கேட்டான். எண்வரிசை தேவைப்பட்ட அந்த நொடியில் அவன் போய்க் கேட்டது என்னிடம் இல்லை, கூட்டாளியிடம்.

ஆகவே ஆர்வத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் வைத்துக்கொண்டேன். ஒரே விளையாட்டு மூன்று நாளாவது திரும்ப வருகிறதா? ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் பரவுகிறதா? கடைசியாக, விளையாட்டிலிருந்து பொருளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன நிற்கிறது? படகை எடுத்துவிட்டாலும் விளையாட்டு நடந்தது. கூடையை எடுத்திருந்தால் நின்றிருக்கும். டைனோசர் என்று அலைகிற பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது 'பெரிசு, நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்' என்பதாக இருக்கலாம். அப்போது டைனோசர் பெயர்ப் பட்டியல் ஒட்டினால் என் படகின் கதிதான்.

நான்காம் படி: ஒரே தாளில் வலை

கண்டுபிடித்ததைத் தாளின் நடுவில் எழுதி வட்டம் போடுங்கள். சுற்றிலும் அது எங்கெல்லாம் போகக்கூடும் என்று கோடு இழுங்கள். ஏலத்துக்கு நான் போட்டவை: எண்ணுதல், கூறு போடுதல், எடை, சீட்டு எழுதுதல், குரலும் தாளமும், மீன் பெயர்கள், பணம், சண்டை சமாதானம். 2022-ல் வந்த அடிப்படை நிலைக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டம் உடல், சமூக-உணர்ச்சி, அறிவு, மொழி, அழகியல் என்று வளர்ச்சிப் புலங்களைப் பிரிக்கிறது. வலையைப் போட்ட பிறகு அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் புலமாவது காலியாக இருந்தால் அதற்குத் தனியாக ஏதாவது யோசியுங்கள். எங்கள் வலையில் உடல் அசைவு குறைவாக இருந்தது. கூடையைத் தலையில் வைத்துக் கோட்டின்மேல் நடப்பது என்று சேர்த்தோம்.

வலையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நடத்த வேண்டியதில்லை. மீன் பெயர்கள் பக்கம் எங்கள் பிள்ளைகள் போகவே இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஐந்தாம் படி: காலையில் ஒரே ஒரு பொருள்

மாலையில் நோட்டைப் பாருங்கள். நாளை காலை பிள்ளைகள் வரும்போது அவர்கள் கண்ணில் படும்படி ஒரு புதுப் பொருளை வையுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். ஏலம் தொடங்கிய மூன்றாம் நாள் கொம்பில் இரண்டு சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன், தராசு மாதிரி. அடுத்த நாள் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளும் பென்சிலும். மறுநாளே ஏலம் எடுத்தவர்களுக்குச் சீட்டு கொடுக்கிற வழக்கம் வந்துவிட்டது. முதலில் வெறும் கிறுக்கல். பிறகு யார் சீட்டு யாருடையது என்று சண்டை வந்ததால் ஒருவன் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான். மறுநாள் ஐந்து பேர் போட்டார்கள். 'எழுத்து எழுது' என்று நான் சொல்லவில்லை.

கூறு போடுவதில் இன்னொன்று நடந்தது. ஆளுக்கு ஆறு கிளிஞ்சல். ஒருவன் தன் ஆறையும் நீளமாகப் பரப்பிவிட்டு, "என்னுதுதான் ஜாஸ்தி" என்றான். இந்த வயதில் பிள்ளைகள் பரந்து கிடப்பதை அதிகம் என்று நம்புவார்கள். ழான் பியாஜே விளக்கிச் சொன்ன விஷயம் இது. திருத்த வேண்டும் என்று நாக்கு துடிக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதையும் பரப்பினாள், பிறகு இருவரும் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். அவன் முழுசாக ஒப்புக்கொண்டானா என்றால், இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டான்.

ஆறாம் படி: நேரம்

இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்காது. தடையில்லாமல் ஒரு மணி நேரமாவது வேண்டும். முதல் கால் மணி வெறும் தயக்கத்திலேயே போகும், அதைக் கண்டு பயந்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மற்றபடி பாட்டு, கதை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் வழக்கம்போல், வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். பிள்ளைகளுக்கு நாளின் எலும்புக்கூடு மாறாமல் இருப்பது நிம்மதி.

ஏழாம் படி: கேட்கும் கேள்வி

"இது என்ன கலர்?" என்பது கேள்வியே இல்லை. பதில் நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். "இதை எப்படிப் பண்ணின?", "அவன் ஏன் விடமாட்டேங்குறான்?", "இன்னொண்ணு வெச்சா என்னாகும்?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாலு வயதுக்குப் பதில் தேட அவ்வளவு நேரம் பிடிக்கும். நாம் மூன்றாவது எண்ணிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம்.

சண்டை வந்தால்? அடி, கடி என்றால் உடனே நடுவில் போங்கள், அதில் பேச்சே இல்லை. வாய்ச்சண்டை என்றால் பக்கத்தில் போய் உட்காருங்கள், அது போதும்.

எட்டாம் படி: சுவர்

வாரம் ஒரு தாள் சுவரில் ஒட்டுங்கள், பிள்ளையின் கண் உயரத்தில். ஒரு படம், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம், கீழே இதிலிருந்து நாம் புரிந்துகொண்டது இரண்டு வரி. "கீழ வரக் கூடாது, மேலதான் போவணும்" என்ற வாக்கியம் எங்கள் சுவரில் ஒரு மாதம் இருந்தது. போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: பெற்றோர்

"எல்லாம் சரிதான் மிஸ், 'அ' எழுதுறானா?" இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் இந்த முறையைத் தொடங்காதீர்கள். அவர்கள் கேட்பதில் தப்பு இல்லை. கூலி வேலை செய்து ஃபீஸ் கட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத்தான் கேட்பார்கள். தத்துவம் பேசாமல் நான் செய்வது இது: ஏலச் சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு கவரில் போட்டு வைத்திருப்பேன். கிறுக்கலில் ஆரம்பித்துப் பெயர் எழுத்து வரை வந்ததை எடுத்துக் காட்டுவேன். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து மணிக்கட்டைக் காட்டுவேன். அங்கே இருக்க வேண்டிய எட்டுச் சின்ன எலும்புகளில் பல, மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். மாவு பிசைவது, கிளிஞ்சல் பொறுக்குவது, கயிறு முறுக்குவது எல்லாம் அந்தக் கைக்கான எழுத்துப் பயிற்சிதான். தாத்தா பாட்டிகள் இதை அப்பா அம்மாவைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். மணலில் விரலால் எழுதிப் படித்தவர்கள் அல்லவா!

எல்லாரையும் நிறுத்தி வைக்க முடியாது. எங்களிடம் இருந்த ஒரு பையனை நடு வருஷத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். வேறொரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கவே எழுதிக் காட்டச் சொன்னார்களாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-வது பிரிவு சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "சட்டம் சரி மிஸ், சீட்டு வேணுமே" என்றார் அவன் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அங்கன்வாடியில் முடியுமா?

இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். அதோடு எடை பார்ப்பது, சத்துமாவு, பதிவேடு, கணக்கெடுப்பு என்று ஆயிரம் வேலை. முழு முறையையும் நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அதன் கருப்பொருள் அப்படியே இருக்கட்டும், அதற்குள் பிள்ளைகளுக்கு வழிவிடுங்கள். 'வாகனங்கள்' என்று வந்தால், உங்கள் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்கிறார்களோ அதிலிருந்து தொடங்குங்கள்: கடற்கரை என்றால் படகு, நெய்வேலிப் பக்கம் என்றால் நிலக்கரி லாரி. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும். இருபத்தைந்து நாளில் எல்லாரைப் பற்றியும் ஒரு வரி கையில் இருக்கும்.

கடைசிப் படி: எப்போது விடுவது

எங்கள் ஏலம் ஐந்து வாரம் ஓடியது. சில திட்டங்கள் மூன்று நாளில் செத்துப்போகும். வெண்டைக்காய் விதை போட்டது அப்படித்தான். இழுத்துப் பிடிக்காதீர்கள். பிள்ளைகள் பொருளை எடுக்கிறார்கள் ஆனால் பேசவில்லை என்றால் அது முடியப் போகிறது என்று அர்த்தம். எங்கள் ஏலத்தின் ஐந்தாம் வாரக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு பெரிய ஏலம் நடத்தினோம். உண்மையான ஏலக்காரர் ஒருவரும் வந்திருந்தார், ஒரு பிள்ளையின் மாமா. அவர் கூவியதைக் கேட்ட, முதலில் ஏலம் விட்ட நம் பெண், "வேகமா சொல்றீங்க, புரியல" என்று அவரையே நிறுத்தினாள்.

திங்கட்கிழமை கூடையை யாரும் தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. கழுவிக் காயவைத்து மேல் தட்டில் ஏற்றினேன். வியாழன் இரவு நல்ல மழை. வெள்ளிக்கிழமை வாசலெல்லாம் ஈசல் இறக்கை. நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது: "9.40. நான்கு பேர் இறக்கை பொறுக்குகிறார்கள். ஒருவன்: 'றெக்க இங்க இருக்கு, ஈசல் எங்க போச்சு?' இன்னொருத்தி: 'நடந்து போயிருக்கும்.'"